ராஜமலையா, சின்னாரா, பரம்பிக்குளமா? கேமராவோட காட்டுக்கு போறவங்களுக்கு

உடுமலை, பொள்ளாச்சி, பழனி பக்கம் இருக்கிற நமக்கு கேரளா காடு ரொம்ப கிட்ட, விடிய கிளம்புனா வெயில் ஏறுறதுக்குள்ள செக்போஸ்ட்ல நிக்கலாம். அதனால புதுசா கேமரா வாங்குன பசங்க எல்லாரும் கேக்குறது ஒரே கேள்வி, எங்க போனா எது கிடைக்கும், வரையாடு எங்க, யானை எங்க, புலி எங்கன்னு. நான் கேக்க சொல்றது வேற: அந்த காட்டுக்குள்ள உங்கள எப்படி நடமாட விடுவாங்க? பஸ்ல ஏத்தி தார் ரோட்ல இறக்கி விடுவாங்களா, கைடு கூட நடக்க விடுவாங்களா, வேன விட்டு இறங்கவே கூடாதா? காட்டுல என்ன இருக்குங்கிறதவிட இதுதான் நீங்க எடுத்துட்டு வர்ற படத்த தீர்மானிக்குது. இந்த மூணு எடத்தையும் அந்த கணக்குலதான் பாக்க போறேன்.

முதல்ல ராஜமலை, அதாவது மூணாறு பக்கத்துல இருக்கிற இரவிகுளம் தேசிய பூங்கா. 97 சதுர கிலோமீட்டர், 1978ல தேசிய பூங்காவாச்சு, ஆனைமுடி இதுக்குள்ளதான் இருக்கு, 2695 மீட்டர், இமயமலைக்கு தெற்க இந்தியாவுல இதவிட உயரமான சிகரம் கிடையாது. உலகத்துல வரையாடு அதிகமா கூட்டமா வாழற எடமும் இதுதான். டிக்கெட் எடுத்து வனத்துறை பஸ்ல ஏறுனா மேல கொண்டு போய் விடுவாங்க, அங்க இருந்து ஒரு ரோட்ல நடக்கணும், ரோட்ட விட்டு ஒரு அடி கூட வெளிய வைக்க கூடாது. கேக்க சப்புன்னு இருக்கும், ஆனா அந்த ஆடுங்க பல தலைமுறையா மனுசன பாத்து பழகினதால ரோட்டோரத்துலயே மேயும், சாதாரண மொபைல்லயே முகத்துல இருக்க முடி தெரியற மாதிரி படம் வரும். தூரத்துல இருக்கறத இழுத்து காட்டுற 600எம்எம் லென்ஸ் தூக்கிட்டு போறது இங்க வீண் சுமை, 70-200 ஜூம் லென்ஸ் இருந்தா தாராளம், உண்மைய சொன்னா அகலமா காட்டுற வைடு லென்ஸ்தான் இங்க ரொம்ப அழகா வேலை செய்யும், ஏன்னா ஆடு முன்னால நிக்குது, பின்னால முழு மலையும் சோலையும் புல்வெளியும் விரிஞ்சு கிடக்குது, விலங்கும் அது வாழற எடமும் ஒரே பிரேம்ல இவ்வளவு சுலபமா வேற எங்கயும் கிடைக்கிறதில்ல.

குறைன்னு பாத்தா வெளிச்சம். கேட்ட திறந்து, பஸ்ஸுக்கு வரிசைல நின்னு, மேல போய் சேர்றதுக்குள்ள விடியல் வெளிச்சம் போயிடும், சாயங்கால பொன் வெயிலுக்கு முன்னாடியே கீழ இறக்கி விட்டுருவாங்க. அதனால ராஜமலைக்கு வெயில் நாள தேடாதீங்க, மஞ்சு, அதாவது மூடுபனி, ஏறி இறங்குற நாள்ல போங்க. மஞ்சு வெயில தணிச்சு எல்லா பக்கமும் ஒரே மாதிரி வெளிச்சம் குடுக்கும், மத்தியானம் கூட படம் எடுக்கலாம். வயசான கெடா ஆடு கருப்பா இருக்கும், முதுகுல மட்டும் வெள்ளி போட்ட மாதிரி ஒரு பட்டை, அது வெள்ளை மஞ்சுக்கு முன்னாடி நின்னா கேமரா ஏமாந்து மொத்தத்தையும் இருட்டாக்கிடும், எக்ஸ்போஷர, அதாவது படத்தோட வெளிச்ச அளவ, ஒரு ஸ்டாப் ஏத்தி வச்சுக்குங்க. ஆடு மட்டும் பாத்துட்டு திரும்பிடாம ரோட்டோர புல்லுலயும் கண்ண வைங்க, நீலகிரி நெட்டைக்காலி மாதிரி இந்த உயரத்து புல்வெளிய விட்டா வேற எங்கயும் வாழாத குருவிங்க அங்க நடமாடும்.

கூட்டம்தான் எனக்கு நிஜமாவே வருத்தம். லீவு நாள்ல போனீங்கன்னா ஆட்ட சுத்தி செல்ஃபி எடுக்க ஒரு வட்டமே நிக்கும், குட்டிய தொட பாக்குறவங்களும் உண்டு. பழகின ஆடுதானேன்னு பிஸ்கட் நீட்டாதீங்க, அது ஆட்டோட வயித்துக்கும் கேடு, பயம் விட்டுப்போன காட்டு விலங்குக்கு வர்ற ஆபத்து அதவிட பெருசு. குட்டி போடுற சீசன்ல, வழக்கமா பிப்ரவரி மார்ச்ல, பூங்காவ மூடிருவாங்க, அத பாக்காம ரூம் போட்டு ஏமாந்து திரும்புறவங்க வருசா வருசம் இருக்காங்க. குறிஞ்சிக்காக போறவங்களுக்கு, 2018ல பூத்துச்சு, அந்த வருசம் ஆகஸ்ட் வெள்ளத்துல மூணாறு ரோடே போச்சு, பாதி பேருக்கு பாக்க கொடுத்து வைக்கல. அடுத்தது 2030.

இப்ப சின்னார். மூணாறுல இருந்து அதே ரோட்ல மறையூர் தாண்டி உடுமலை பக்கம் இறங்குனா ரெண்டு மணி நேரத்துக்குள்ள உலகமே மாறிடும், மேல ஸ்வெட்டர் போட்டிருந்தவன் கீழ வேர்வை துடைப்பான். தென்மேற்கு பருவமழை மூணாறுல கொட்டி தீக்கும்போது சின்னார் காஞ்சு கிடக்கும், மலையோட மறைவுல இருக்கிறதால மழை மேகம் அந்த பக்கமே காலியாயிடுது, இங்க மழைன்னா ஐப்பசி கார்த்திகைலதான். முள்ளுக்காடு, பாறை, நடுவுல பாம்பாறும் சின்னாறும், கரையோரத்துல மட்டும் பச்சை பசேல்னு நீர்மருது மரங்க. ஏறக்குறைய 90 சதுர கிலோமீட்டர்தான், 1984ல சரணாலயமாச்சு. நம்மாளுங்கள்ல பாதிப்பேர் இத ஒரு காடாவே மதிக்கிறதில்ல, மூணாறு போற வழியில ஜன்னல் வழியா பாத்துட்டு போயிடுறாங்க, எனக்கு இது தாங்கவே முடியாத விசயம்.

ஏன்னா இந்த மூணுல காட்டுக்குள்ள கால்ல நடந்து படம் எடுக்க சுலபமான காடு இதுதான். செக்போஸ்ட்லயே கேட்டு கைடு கூட்டிட்டு போகலாம், ஆத்தோரமா நடக்கலாம், ஆலாம்பட்டில இருந்து தூவானம் அருவிக்கு போகலாம். கூட வர்றவங்க பெரும்பாலும் அங்கயே பொறந்து வளர்ந்த முதுவர், மலைப்புலையர் பழங்குடி ஊர்க்காரங்க, அவங்க தமிழ் பேசுவாங்க, நமக்கு அதவிட என்ன வேணும். சும்மா பின்னாடி நடக்காம பேச்சு குடுங்க, "அண்ணே, இந்த சாணி எப்ப போட்டது"ன்னு கேட்டா போதும், யானை எந்த பக்கம் போச்சு, இப்ப நாம எந்த பக்கம் திரும்பணும்னு ஒரு பாடமே நடக்கும். கால்ல நடக்கும்போது மெதுவா ஆயிடுறோம்ல, சின்னது எல்லாம் கண்ணுக்கு தெரிய ஆரம்பிக்கும், நட்சத்திர ஆமை, ஓணான், பாறை மேல மஞ்சள் தொண்டை சின்னான் குருவி.

சின்னாரோட ராஜா என்னை பொறுத்தவரைக்கும் சாம்பல் அணில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல அதுக்குன்னே சரணாலயம் இருக்கு, அத விட்டா நல்லா பாக்க கிடைக்கிறது இங்க. ஆத்தோர மரத்துல கிளை கிளையா தாவும், தரைக்கு ரொம்ப இறங்காது, மரத்துல அது கட்டுன கூட்ட கண்டுபிடிச்சுட்டு தள்ளி உக்காந்துட்டா அதுவா வரும். இங்கதான் பெரிய லென்ஸ் வேணும், 400 குறைஞ்சது. மேல பாத்து எடுக்கிறதால வானம் வெள்ளையா அடிக்கும், அணில் கருப்பு நிழலா விழும், அதனால எதிர் கரைல கொஞ்சம் மேடான எடம் பாத்து நின்னு, பின்னால இலை வர்ற மாதிரி வச்சு எடுங்க. காலைல சீக்கிரம் போயிடணும், ஒன்பது மணிக்கு மேல முள்ளுக்காட்டு வெயில் படத்த கெடுக்கும், ஆளையும் கெடுக்கும்.

யானை, காட்டுமாடு, கடமான், புள்ளிமான் எல்லாம் இருக்கு, ஆனா கண்டிப்பா கிடைக்கும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க. கோடைல தண்ணிக்கு ஆத்துக்கு இறங்குறப்ப வாட்ச் டவர்ல இருந்து பாக்க வாய்ப்பு ஜாஸ்தி. தீ பயத்தால அதே கோடைல நடைய நிறுத்தி வைக்கிறதும் உண்டு, 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில போன உயிருங்கள நினைச்சா அத குறை சொல்ல மனசே வராது. இன்னொன்னு, உடுமலை ரோட்ல யானைய பாத்து கார நிறுத்தி இறங்கி எடுக்காதீங்க. வண்டிய தள்ளி நிறுத்தி, ஹார்ன் அடிக்காம, அதுக்கு வழி விடுங்க, உள்ள உக்காந்துட்டே எடுத்த படம் போதும்.

பரம்பிக்குளம் ஒரு தனி சங்கதி. கேரளா காடு, பாலக்காடு மாவட்டம், ஆனா ரோடு நம்ம பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாத்தான். நம்ம பிஏபி, அதாவது பரம்பிக்குளம் ஆழியார் திட்டத்து பாசனத்துக்கு வர்ற தண்ணி இந்த காட்டுக்குள்ள இருக்க பரம்பிக்குளம், தூணக்கடவு, பெருவாரிப்பள்ளம் அணைங்கள்ல இருந்துதான் வருது, ஆனைமலை பக்கத்து தென்னந்தோப்புக்காரங்களுக்கு இந்த காடு வெறும் டூர் ஸ்பாட் கிடையாது. 2010ல புலிகள் காப்பகமாச்சு. ஆனைப்பாடில கேரளா வனத்துறை வேன்ல ஏறுனா கைடோட ஒரு பெரிய சுத்து, கன்னிமாரா தேக்கு வரைக்கும் காட்டுவாங்க. அந்த மரத்த முழுசா படம் எடுக்க பாக்காதீங்க, வராது, அடிமரத்த ஆளுங்க கைகோத்து நிக்கிறதோட எடுத்தாத்தான் அதோட பருமன் புரியும்.

பெரிய விலங்கு வேணும்னா மூணுல இதுதான் முதல். காட்டுமாட்டு கூட்டம், மான், மயில் எல்லாம் ரோட்டோரத்துலயே. இருவாச்சி பறவை மேல பறந்தா இறக்கை சத்தமே சொல்லிரும். ஆனா நீங்க நினைச்ச எடத்துல வேன் நிக்காது, நின்னாலும் பக்கத்து சீட்டு குழந்தை கத்தும், இஞ்சின் ஓடுனா கேமரா ஆடும். ஷட்டர் ஸ்பீட 1/1000 செகண்டுக்கு மேல வேகமா வச்சுட்டு, டிரைவர் அண்ணன்கிட்ட முதல்லயே மரியாதையா "நிக்கிறப்ப இஞ்சின மட்டும் ஆஃப் பண்ணுங்கண்ணே"ன்னு சொல்லி வைங்க. தேக்கு இலை உதிர்ந்திருக்கிற ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் காடு திறந்து கிடக்கும், வெளிச்சமும் உள்ள இறங்கும். மழைக்காலத்துல பச்சை அழகா இருக்கும், ஆனா வெளிச்சம் பத்தாம ஐஎஸ்ஓ (சென்சாரோட ஒளி உணர்வு) எகிறி படம் பொரிபொரியா வரும்.

சைலண்ட் வேலி ஏன் சேக்கலன்னு கேப்பீங்க. முக்காலில இருந்து ஜீப்ல சைரந்திரி போய் டவர்ல ஏறி நிக்கிறப்ப தெரியற மழைக்காடு பாக்க கோடி புண்ணியம், அணை கட்டாம காப்பாத்துனவங்களுக்கு கும்பிடு போடணும், ஆனா சிங்கவால் குரங்க படம் எடுக்கணும்னா வால்பாறை புதுத்தோட்டம் பக்கம் சுலபம். சூரிய உதயம் மட்டும் போதும்னா சூர்யநெல்லில இருந்து ஜீப்ல கொழுக்குமலை, அது வேற கதை.

ஒரே ஒரு வாரக்கடைசிதான் இருக்குன்னா என் ஓட்டு சின்னாருக்கு. முதல் நாள் மத்தியானம் வந்து மறையூர்ல தங்கி, காலைல ஆத்தோர நடை, அப்புறம் மேல ஏறி மத்தியான மஞ்சுல ராஜமலை, ரெண்டும் ஒரே ரோடுதான். வயசான அப்பா அம்மா, குழந்தைங்க கூட வந்தா நடைய விட்டுட்டு பரம்பிக்குளம் போங்க. பிப்ரவரி மார்ச்ல ராஜமலை கணக்குலயே வராது. எங்க போனாலும் கிளம்புறதுக்கு முன்னாடி வனத்துறை புக்கிங்க பாத்துருங்க, நடைக்கு அன்னைக்கு அனுமதி உண்டான்னு போன் போட்டு கேட்டுருங்க, டிரோன வீட்லயே வச்சுட்டு வாங்க, செக்போஸ்ட்லயே மடக்கிருவாங்க.