ஆம்ஸ்டர்டாமின் ஒரு மணி நேரமும் ஒசாகாவின் எரியும் திரியும்

வாங்க நினைப்பவர் காலை ஒன்பது மணிக்கே சந்தைக்கு வந்துவிடுகிறார். விற்க வேண்டியவர் வந்து சேரும்போது மணி மூன்று. இருவரையும் தனித்தனியே பார்த்த தரகர் ஆளுக்கொரு விலை சொல்லி, நடுவில் மிஞ்சியதைத் தன் மடியில் முடிந்துகொள்கிறார். பழைய வணிகக் கூடங்கள் நேரத்துக்கு ஏன் வேலி போட்டன என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அந்தத் தரகரின் மடிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் எல்லா ஊரும் ஒரே மாதிரி வேலி போடவில்லை.

முதலில் ஆம்ஸ்டர்டாம். 1611க்கு முன் அங்கே வணிகர்கள் வார்முஸ் தெருவிலும் புதுப்பாலத்தின் மீதும் நின்று பேரம் பேசினார்கள். மழை பிடித்துக்கொண்டால் தேவாலயத்துக்குள் ஒதுங்கினார்கள். அந்த ஆண்டு ஹென்ட்ரிக் டி கெய்ஸர் கட்டிய கூடம் திறந்ததும் நகர மன்றம் நேரத்தையும் கட்டிப்போட்டது. திங்கள் முதல் சனி வரை, பகல் 11 முதல் 12 வரை. மே முதல் ஆகஸ்ட் வரை மாலை 6.30 முதல் 7.30 வரை இன்னொரு அமர்வு. இருட்டு சீக்கிரம் கவியும் மற்ற மாதங்களில் அந்த மாலை அமர்வு நகரக் கதவுகள் சாத்தப்படுவதற்கு முந்தைய அரை மணி நேரமாகச் சுருங்கிவிடும். உலகக் கடல்களில் பாதியை அளந்துகொண்டிருந்த ஊர், நடுப்பகலில் வணிகத்துக்குக் கொடுத்தது ஒரே ஒரு மணி நேரம். பழவேற்காட்டில் கோட்டை கட்டி நம் கடற்கரைத் துணியை ஏற்றிச் சென்ற டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பங்குகளும் அந்தக் கூடத்தில்தான் கைமாறின.

அந்த மன்றத்தினர் தெரு நெரிசலைத்தான் மனத்தில் வைத்திருந்தார்களோ என்னவோ, விளைந்தது வேறு. நேரம் குறுகக் குறுகக் கூட்டம் அடர்ந்தது. கூடத்தின் தூண்களுக்கு எண்கள் இருந்தன. ஒவ்வொரு சரக்குக்காரரும் தமக்கென்று ஒரு தூணடியில் நிற்பது வழக்கம். எங்கே, எப்போது என்ற இரண்டு கேள்விக்கும் விடை தெரிந்துவிட்டால் தேடி அலையும் செலவு மிச்சம். பக்கத்தில் நிற்பவர் சொல்லும் விலை காதில் விழுகிற இடத்தில், ஆளுக்கொரு விலை சொல்லும் தரகருக்கும் வேலை கடினமாகிறது. இந்தக் கணக்கில் யூத வணிகர்களுக்கு மட்டும் ஒரு நாள் குறைவு: சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வு நாள், கூடத்துக்கோ வேலை நாள்.

லண்டனைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தாமஸ் கிரெஷாம் கட்டிய கூடத்தை 1571இல் முதலாம் எலிசபெத் திறந்துவைத்தார். வெட்டுக்கிளிச் சின்னம் வைத்த கோபுரத்து மணி நண்பகலிலும் மாலை ஆறு மணிக்கும் அடித்து வணிகர்களை அழைத்தது. ஆனால் மணிக்கு வரச் சொல்லத்தான் தெரியும், வேறு இடத்துக்குப் போகாதே என்று சொல்லத் தெரியாது. பங்குத் தரகர்கள் 1698இல் அங்கிருந்து வெளியேறி, எதிரே இருந்த சந்தின் காப்பிக் கடைகளில் போய் உட்கார்ந்துகொண்டார்கள். காப்பி கிடைக்கும் வரை அங்கே பேரமும் நடக்கலாம்.

இனி ஒசாகா. அந்த ஜப்பானிய நகரத்தின் தோஜிமா அரிசிச் சந்தையை 1730இல் ஷோகுன் என்ற படைத்தலைவரின் அரசு முறைப்படி அங்கீகரித்தது. அங்கே மும்முரமாக நடந்தது முன்பேர வணிகம், அதாவது பின்னொரு நாளில் தீர்க்க வேண்டிய பேரத்துக்கு இன்றே விலை பேசுவது. மூட்டை நகராது, கணக்கேட்டில் எண்கள்தான் நகரும். நாள் முடிவை அறிவிக்க அவர்கள் மணியை நம்பவில்லை. துப்பாக்கிக்குப் பற்றவைக்கும் திரியை ஒரு பெட்டியில் தொங்கவிட்டுக் கொளுத்தினார்கள். திரி எரிந்து தீர்ந்தால் அன்றைய வணிகம் தீர்ந்தது; அந்த நேரத்து விலைதான் கணக்குத் தீர்க்கும் விலை. அதன் பிறகும் கலையாமல் கை நீட்டிக்கொண்டிருப்பவர்களை விரட்டத் தனி ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் கையில் இருந்த ஆயுதம் வாளித் தண்ணீர்! நம் ஊரில் ஒருவனைத் 'தண்ணீர் தெளித்து விட்டுவிட்டார்கள்' என்றால் இனி அவன் இஷ்டம் என்று பொருள். தோஜிமாவில் தண்ணீர் தெளித்தால் வீட்டுக்குப் போ என்று பொருள்.

இரண்டையும் அருகருகே வைத்தால் எனக்குத் தெரியும் வேறுபாடு இதுதான்: ஆம்ஸ்டர்டாம் விதித்தது கூடும் நேரம், ஒசாகா விதித்தது முடியும் நேரம். ஆம்ஸ்டர்டாமில் ஒவ்வொரு பேரமும் இரண்டு பேருக்கு இடையே உள்ள ஒப்பந்தம். அதை நிறைவேற்ற அன்றைய கடைசி விலை தேவையில்லை. கடிகாரம் ஐந்து நிமிடம் முன்பின் ஆனாலும் யார் குடியும் முழுகாது. தோஜிமாவில் கடைசி விலையை வைத்தே எல்லாருடைய கணக்கும் தீர்கிறது. அப்படியிருக்க, எப்போது முடிப்பது என்பதை ஒரு மனிதரின் வாய்க்கு விட முடியுமா? அவரைக் கவனித்துக்கொள்ளப் பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். திரிக்கு லஞ்சம் கொடுப்பது கொஞ்சம் சிரமம். அதற்கும் ஒரு பலவீனம் உண்டு: முடிவு கண்ணெதிரே எரிந்துகொண்டிருக்கும்போது, விலையைத் தள்ள நினைப்பவர் கடைசி விரற்கடைத் திரிக்காகக் காத்திருக்கலாம்.

பாரிஸ் இந்த இரண்டிலும் சேராது. ஸ்காட்லாந்து நிதியாளர் ஜான் லாவின் கம்பெனிப் பங்குகளுக்காகக் கேங்காம்புவா தெருவில் ஊரே முட்டி மோதி, 1720இல் எல்லாம் சரிந்த பிறகு, சூடுபட்ட பூனையாக அரசு 1724 செப்டம்பர் 24 அன்று ஓர் ஆணையிட்டது. அதன்படி ஞாயிறும் திருநாட்களும் நீங்கலாக, காலை 10 முதல் பகல் 1 வரை கூடம் திறந்திருக்கும். பெண்களுக்கு அனுமதி இல்லை. பங்கு, கடன் பத்திரங்களின் விலையை உரக்கச் சொல்லவும் கூடாது, ஏற்றவோ இறக்கவோ சைகை காட்டவும் கூடாது. மூன்று மணி நேரம் எல்லாரையும் ஒரே கூரையின் கீழ் நிறுத்தி, அவர்கள் கேட்க வந்த ஒன்றை மட்டும் காதில் விழாமல் செய்த ஆணை இது. நான்கில் மிக மோசமான ஏற்பாடு என்று இதைத்தான் சொல்வேன். கூட்டம் ஒரே நேரத்தில் கூடுவதன் பலனே விலை எல்லார் காதிலும் விழுவதுதான். அங்கே விலையை உரக்க அறிவிக்க 1774 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

நியாயமான விலைக்குத் திரி, நிம்மதியான வணிகருக்கு ஆம்ஸ்டர்டாம் என்று நான் பிரிப்பேன். அந்த ஊரின் விதிக்குள் நெகிழ்வு இருந்தது. 1688இல் ஹோசே டி லா வேகா என்பவர் அங்கே நடந்த பங்கு வணிகத்தை ஒரு நூலில் விவரித்தபோது, தரகர்கள் காலை பத்து முதல் பன்னிரண்டு வரை ஊர் நடுவே இருந்த டாம் சதுக்கத்தில் நின்றார்கள், பன்னிரண்டு முதல் இரண்டு வரை கூடத்தில் நின்றார்கள். 1611இல் பகலுக்கென்று விதித்த ஒரு மணி நேரம் நான்காகியிருந்தது. அதில் பாதி கூரைக்கு வெளியே.