படுக்கையறையும் இணைந்த குளியலறையும்: ஒரு வரைபடச் சேவை பற்றிய மதிப்பீடு

வீட்டைப் புதுப்பிக்கும்போது, பெற்றோருக்கான படுக்கையறையையும் அதனோடு இணைந்த குளியலறையையும் திட்டமிட்டுத் தர ஓர் உள் அலங்கார வடிவமைப்பாளரை அமர்த்தினோம். கணினிப் படங்களைக் காட்டுவதற்கு முன்பே, கட்டில், அலமாரி, கதவு விரியும் வளைவு ஆகியவற்றைத் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்து, அம்மாவை நடந்து பார்க்கச் சொன்னார். அந்த அக்கறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கட்டிலருகே 60 செ.மீ. இடைவெளி ஒருவர் நடக்கப் போதும், ஆனால் ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்துச் செல்லப் போதாது என்பது அப்போதுதான் புரிந்தது. அதை 90 செ.மீ. ஆக்கினோம்.

கழிப்பறைக் கோப்பையை எதிர்ச்சுவருக்கு மாற்ற வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். 4 அங்குலக் கழிவுநீர்க் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் வாட்டம் (சரிவு) கொடுத்தால், 12 அடி தள்ளிப் போகும்போது தரைக்கடியில் 3 அங்குல ஆழம் கூடுதலாகத் தேவைப்படும் என்று வடிவமைப்பாளர் கணக்குப் போட்டுக் காட்டி, பழைய குழாய் இறங்கும் இடத்தை ஒட்டியே அதை வைக்கச் செய்தார். அவர் சொன்னதைக் கேட்டது நல்லதாயிற்று.

ஆனால் குளியலறைக் கதவை உட்புறம் திறக்கும்படி வரைந்திருந்தார். உள்ளே ஒருவர் வழுக்கி விழுந்து கதவை மறித்துக் கிடந்தால் வெளியிலிருந்து திறக்க இயலாது; முதியோர் உள்ள வீட்டில் இது சிறு பிழையல்ல. வெளிப்புறம் திறந்தால் அலமாரியில் இடிக்கும் என்பதால், இறுதியில் நகர்த்தும் கதவுக்கு மாறினோம். காற்றுப்போக்கிக்கான இடத்தையும் நாங்களே நினைவூட்ட வேண்டியிருந்தது.