முதல் ஆறு வாரம்: காலை மடக்குவதா, நீட்டுவதா?

முட்டிக்குள் அறுந்த ஏசிஎல் ஜவ்வுக்குப் பதிலாக வேறு தசைநாரைப் பொருத்தும் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தால், பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: “கால் எவ்வளவு மடங்குது?” முழுசாக நீட்ட வருகிறதா என்று ஒருவரும் கேட்பதில்லை. நானும் அந்தக் கேள்வியை நம்பி, படுக்கையில் குதிகாலுக்கு அடியில் பிளாஸ்டிக் கவர் போட்டு, துண்டால் பாதத்தை இழுத்து இழுத்து மடக்கிக்கொண்டிருந்தேன். மடக்கி முடித்ததும் அம்மா பாசத்தோடு முட்டிக்கு அடியில் தலையணை வைப்பார். சுகமாகத்தான் இருந்தது. கெடுத்தது அந்தத் தலையணைதான்.

மடக்கும் பயிற்சியை ஒரு வாரம் தள்ளிப்போட்டாலும் பெரும்பாலும் பின்னால் சரிக்கட்டிவிடலாம். நீட்டுவது அப்படியல்ல. பத்து டிகிரி வளைவிலேயே முட்டி பழகிவிட்டால் நொண்டல் நிலைத்துவிடும். புதுத் தசைநாருக்கு முன்னால் தழும்புத் திசு திரண்டு வழியை அடைத்துவிட்டால் மறுபடி ஆர்த்ராஸ்கோப்பி (சின்னத் துளை வழியே கேமரா விட்டுச் செய்யும் ஆபரேஷன்) வரை போகலாம். அதனால் என் ஓட்டு நீட்டலுக்கே. துண்டைச் சுருட்டி குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியை அந்தரத்தில் விட்டு பத்து நிமிடம், ஒரு நாளைக்குப் பல தடவை. குப்புறப் படுத்து காலைக் கட்டில் விளிம்புக்கு வெளியே தொங்கவிடுவதும் இதே வேலையைச் செய்யும், இன்னும் அழுத்தமாக. ஆனால் பொருத்துவதற்கான தசைநாரைப் பின்தொடையிலிருந்து எடுத்திருந்தால் அந்த இடம் பிடித்து இழுக்கும். வலியில் தசை இறுகினால் முட்டி நீளாது. அதை இரண்டு வாரம் கழித்து வைத்துக்கொள்ளலாம். (முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பான மெனிஸ்கஸிலும் தையல் போட்டிருந்தால் எவ்வளவு மடக்கலாம் என்பதை சர்ஜன்தான் சொல்ல வேண்டும்.)

அடுத்து, காலை நேராகத் தூக்குவதா, தொடையை இறுக்குவதா? தூக்குவதுதான் பார்க்கக் கெத்து. ஆனால் முட்டியில் வீக்கம் இருக்கும்வரை முன்தொடைத் தசைக்குப் போகும் உத்தரவை நரம்பு மண்டலமே மட்டுப்படுத்திவிடும். அப்போது தூக்கினால் இடுப்புத் தசை வேலை செய்யும், முட்டி லேசாகத் தொய்யும். மூன்றாம் நாள் நல்ல காலின் தொடையை இறுக்கிப் பார்த்தேன்: முட்டிச் சில்லு தொடைப் பக்கம் நகர்ந்தது. ஆபரேஷன் செய்த காலில் விரலை வைத்துக் காத்திருந்தேன், ஒன்றுமே இல்லை. ஆறாம் நாள் ஒரு சின்னத் துடிப்பு. அதன் பிறகுதான் தூக்கவே ஆரம்பித்தேன்.

மினி ஸ்குவாட்டா (லேசாகக் குந்தி எழுவது), லெக் எக்ஸ்டென்ஷன் மெஷினா (உட்கார்ந்தபடி கீழ்க்காலால் பாரத்தைத் தூக்கி நீட்டுவது) என்பதில்தான் சண்டை அதிகம். மெஷினில் கடைசி முப்பது டிகிரி நீட்டும்போது கீழ்க்கால் எலும்பு முன்னால் இழுபடும். அதைப் பிடித்து நிறுத்தும் வேலை புதுத் தசைநாருடையது. ஸ்குவாட்டில் உடல் எடை மூட்டை அழுத்திப் பிடிக்கும், பின்தொடையும் துணைக்கு வரும். அதனால் ஆரம்பத்தில் ஸ்குவாட்தான். ஆனால் அதிலும் ஒரு கள்ளத்தனம் உண்டு: நல்ல கால் சத்தமில்லாமல் பாரத்தை வாங்கிக்கொள்ளும். இரண்டு பாதத்துக்கும் அடியில் ஆளுக்கொரு எடை மெஷின் வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முன்தொடையைத் தனியாக வேலை வாங்க மெஷின் வேண்டும் என்பதால், நாலாவது வாரவாக்கில் எடை ஏற்றாமல், 90-லிருந்து 45 டிகிரி வரை மட்டும் அனுமதிக்கிற ஃபிசியோக்கள் இருக்கிறார்கள். நியாயம்தான். ஆனால் ஃபிசியோ சொல்லாமல் ஜிம்மில் ஏறி உட்காராதீர்கள். ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை வலி குறைந்திருக்கும், தசைநாரோ அப்போதுதான் பலவீனமாக இருக்கும்.

சைக்கிளா நடையா? சீட்டை உயர்த்திய ஸ்டேஷனரி சைக்கிள்தான். முழுச் சுற்றுக்கு 105, 110 டிகிரி மடங்க வேண்டும். அதுவரை பெடலை முன்னும் பின்னும் ஆட்டினால் போதும். நடையைக் கூட்டலாமா என்பதை மறுநாள் காலை முட்டியைப் பார்த்து முடிவு செய்யலாம். சில்லுக்கு இரண்டு பக்கமும் உள்ள பள்ளம் வீங்கி மறைந்திருந்தால் அன்றைக்கு நடை குறைவு, ஐஸ் அதிகம்.