மஹேபூர் படகுகளை வரைய: நீர்வண்ணமா, தைலவண்ணமா?

மொரீஷியஸ் தீவின் தென்கிழக்குக் கரையில் இருக்கிற ஊர் மஹேபூர். காலை ஏழரை மணிக்கு அதன் கடலோரத்தில் உட்கார்ந்தால், கட்டிக் கிடக்கும் பிரோக் என்கிற சின்ன மீன்பிடிப் படகுகள் எல்லாம் கறுப்பாகத்தான் தெரியும். சூரியன் கடல் பக்கம், நமக்கு நேர் எதிரே. நீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஆசையாகப் பூசிய படகுகள், மின்னும் தண்ணீர்மேல் வெறும் இருட்டு உருவங்களாக நிற்கும். அதே இடத்துக்கு மாலை நான்கு மணிக்குப் போங்கள். வெயில் நம் முதுகில் இருக்கும். ஒவ்வொரு படகின் நிறமும் பளிச்சென்று எழுந்து வரும்.

அதனால், "எந்த வண்ணப்பெட்டியை எடுத்துக்கொண்டு போகலாம்?" என்று மாணவர்கள் கேட்டால், "எத்தனை மணிக்குப் போகிறாய்?" என்றுதான் திருப்பிக் கேட்பேன்.

காலைக்கு நீர்வண்ணம். அதில் வெள்ளை என்பது காகிதமே. வெளிச்சத்தை முதலிலேயே விட்டுவைக்க வேண்டும். எதிர்வெயிலில் இது சுலபம். படகு, அதன் நிழல், பிரதிபலிப்பு மூன்றும் ஒரே இருட்டாகச் சேர்ந்துவிடுவதால் ஒரே பூச்சில் இழுத்துவிடலாம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பும் கலந்தால் போதும், கறுப்பைத் தொடவே வேண்டாம். தண்ணீரின் மினுக்கத்துக்குச் சொரசொரப்பான, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள காகிதம் நல்லது. தூரிகையைப் பாதி உலரவிட்டு, படுக்க வைத்தாற்போல வேகமாக இழுத்தால் மேட்டில் மட்டும் வண்ணம் ஒட்டும். பள்ளங்கள் வெள்ளைப் பொறிகளாக நின்றுவிடும். தைலவண்ணத்தில் அந்தப் பொறிகளை ஒவ்வொன்றாக மேலே வைக்க வேண்டும். எவ்வளவு கவனமாக வைத்தாலும், ஒட்டிய பொட்டு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும்.

பிரெஞ்சு ஓவியர் மோனே 1872-இல் பிரான்சின் லே ஹாவ்ர் துறைமுகத்தின் விடியலைத் தைலவண்ணத்தில்தானே வரைந்தார் என்று கேட்கலாம். சரிதான். ஆனால் அது மூடுபனிக் காலை. அந்தப் படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள், செஞ்சூரியன் ஏறக்குறைய காணாமலே போய்விடும். சுற்றியுள்ள வானத்தின் அளவுக்குத்தான் அதற்கு வெளிச்சம். நிறத்தால் மட்டுமே எரிகிற சூரியன் அது. நம் காலை வெயிலில் அப்படி ஒரு பனித்திரை கிடையாது.

மாலைக்குத் தைலவண்ணம். வெயில் படுகிற சிவப்பு ஒன்று, அதே பலகை வளைந்து நிழலுக்குள் போகும்போது வருகிற சிவப்பு வேறொன்று. சிவப்பில் கறுப்பைக் கலந்தால் அந்த நிழல் வராது. வெள்ளைப் படகின் அணியத்துக்கு (முன்முனைக்கு) அடியில் குனிந்து பாருங்கள்: மேலே வானத்தின் நீலம் தங்கியிருக்கும், கீழே ஆழமில்லாத தண்ணீரிலிருந்து ஒரு பச்சை ஒளி ஏறி நெளிந்துகொண்டிருக்கும். இதைப் பிடிக்க நாலைந்து முறை வைத்து, துடைத்து, மறுபடி வைக்க வேண்டியிருக்கும். நீர்வண்ணம் மூன்றாவது பூச்சிலேயே சேறாகிவிடும். நிழலை மெல்லிசாகவும் வெளிச்சத்தைக் கெட்டியாகவும் பூசுங்கள். படகு தானாகத் திரண்டு நிற்கும்.

தலைநகர் போர்ட் லூயிஸ் துறைமுகத்தில் எல்லாம் தலைகீழ். அது மேற்குக் கரை, எதிர்வெயில் மாலையில்தான். (1730-களில் அந்த ஊரைக் கட்டப் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து நம் கைவினைஞர்களை வரவழைத்த பிரெஞ்சு ஆளுநர் மஹே த லா பூர்தொனேயின் பெயர்தான் மஹேபூருக்கும். இரண்டு கரையிலும் வரையும்போது எனக்கு இது நினைவில் வரும்.)

காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். மே முதல் அக்டோபர் வரை தென்கிழக்குக் காற்று நேராக மஹேபூர் மேல்தான் வீசும். பெரிய கேன்வாஸ் பாய்மரமாகிவிடும். ஈரத் தைலப்படத்தில் மணல் ஒட்டினால் அன்றைய உழைப்பு போச்சு, எனக்குப் போயிருக்கிறது. இப்போது உள்ளங்கை இரண்டின் அகலமுள்ள மரப்பலகைதான் கொண்டுபோகிறேன். அக்ரிலிக் இந்தக் காற்றில் கலப்பதற்குள் காய்ந்துவிடுகிறது, காய்ந்தபின் கருக்கவும் செய்கிறது. நிழல் பார்த்து வரைகிறவருக்கு அது உதவாது. குவாஷ், அதாவது ஒளி ஊடுருவாத நீர்வண்ணம், இந்தத் தீவுக்குப் பழக்கமானது. இங்கத்திய ஓவியர் மால்கம் த ஷசாலின் துலங்கும் படங்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். தட்டையான நிறத்துக்கு அது அழகு, படகின் வளைவுக்கு அவ்வளவாக இல்லை.

ஒரே ஒரு பெட்டிதான் எடுக்க முடியும் என்றால் நான் நீர்வண்ணத்தைத்தான் எடுப்பேன். காரணம் பத்து மணிக்குமேல் தெரியும். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் ஒன்றை மறந்துவிடுவார்கள்: இங்கே ஜூன் மாத உச்சிவெயில் வடக்கிலிருந்து, ஏறக்குறைய 46 பாகை உயரத்தில் வரும். வடக்கே இருக்கிற சிங்கமலைப் பக்கம் திரும்பி உட்கார்ந்தால் மறுபடியும் எதிர்வெயில். தண்ணீர் கண்ணாடியாக இருக்கும். அப்போது ஒரு படகுக்குக் கீழே இரண்டு படகு தெரியும். ஒன்று பிரதிபலிப்பு: மேற்பரப்பில், நம்மை நோக்கி, அலையில் உடைந்து உடைந்து. இன்னொன்று நிழல்: படகை விட்டு விலகி, அடியில் மணலின்மேல், ஓரங்கள் கரைந்து. பலர் இரண்டையும் ஒன்றாக்கி வரைந்துவிடுகிறார்கள். படகு தண்ணீரில் மிதக்காமல் தரையில் வைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

காகிதத்தை நனைத்து அடிமணல் நிழலை முதலில் கசிய விடுங்கள். நன்றாகக் காயட்டும். அப்புறம் அதன்மேல் பிரதிபலிப்பை, கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சில், ஒரே இழுப்பில். கீழே இருப்பது கீழேயே தெரியும்.