டேங்க் பிரிண்டருக்குக் கடையில் மை ஊற்ற விடாதீர்கள்

பினாங்கில் வீட்டிலேயே போட்டோ அச்சடிக்கலாம் என்று டேங்க் பிரிண்டர் (பாட்டில் மையை டேங்கில் ஊற்றி அச்சடிப்பது) வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஜார்ஜ் டவுனில் ஒரு கணினிக் கடை, இலவச செட்டப் என்ற பெயரில் பெட்டியோடு வந்த ஒரிஜினல் மையை எடுத்து வைத்துக்கொண்டு, டேங்கில் மலிவு மையை ஊற்றிக் கொடுத்துவிட்டது. புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரைப் போடவில்லை. அவர்கள் செய்த வேலையை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

தைப்பூசத்தன்று தண்ணீர்மலையில் எடுத்த படங்களை 4ஆர் அளவில் (4க்கு 6 அங்குலம்) அடித்து ஆல்பம் போட நினைத்திருந்தேன். போட்டோக் கடையில் அடித்தால் மலிவுதான். ஆனால் காவடியின் உச்சி வெட்டுப்பட்டு வரும், கேட்டால் மெஷின் அப்படி என்பார்கள். அதனால்தான் ஆயிரத்துச் சொச்சம் வெள்ளி (ரிங்கிட்) போட்டு ஆறு வண்ண பிரிண்டர் வாங்கினேன்.

பணம் கட்டியதும் கடைப் பையன் பெட்டியைத் தூக்கிக்கொண்டான். "அக்கா, நீங்க ஊத்துனா மை கொட்டிரும். நானே ஊத்தி டெஸ்ட் பிரிண்ட் எடுத்துத் தரேன், ஃப்ரீதான். போய் ஒரு தே குடிச்சிட்டு வாங்க." திரும்பி வந்தபோது டேங்க் ஆறும் நிறைந்திருந்தன. காலி பாட்டில்கள் எங்கே என்று கேட்டேன். "குப்பையில போட்டாச்சு கா." டெஸ்ட் பேப்பரில் கோடெல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. அந்தக் கோடு, மை தெளிக்கும் ஹெட்டில் அடைப்பு இருக்கிறதா என்பதை மட்டும்தான் காட்டும். உள்ளே இருப்பது யாருடைய மை என்று காட்டாது.

வீட்டுக்கு வந்து முதல் படத்தை அடித்தேன். காவடி எடுத்தவரின் மஞ்சள் வேட்டி பாசி படிந்த மாதிரி பச்சையடித்தது. என் மாமாவின் முகம் வாடிய கத்தரிக்காய் நிறத்தில் வந்தது. கடைக்கு வாட்சாப்பில் அனுப்பினால் முதலில் கைப்பேசிக் கேமராவைக் குறை சொன்னார்கள், பிறகு கலர் செட்டிங்கை. கடைசியில், ஹெட் கிளீனிங் போட்டுக்கொண்டே இருங்கள் என்றார்கள். இந்த யோசனையை யாரும் கேட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு கிளீனிங்கிலும் ஆறு டேங்கிலிருந்தும் மை உறிஞ்சப்பட்டு, கழிவு மையைத் தாங்கும் பஞ்சுக்குத்தான் போகிறது. அது நிரம்பினால் அதை மாற்றும்வரை பிரிண்டர் அச்சடிக்க மறுக்கும்.

முகம் ஏன் முதலில் கெடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. என் பிரிண்டரின் ஆறு வண்ணத்தில் கறுப்பு, சயான், மெஜந்தா, மஞ்சளோடு இளஞ்சயான், இளமெஜந்தா என்று இரண்டு வெளிர் மைகள் உண்டு. தோலின் நிறம் பெரும்பாலும் இந்த வெளிர் மைகளாலும் மஞ்சளாலும்தான் அமைகிறது. எந்த மை எவ்வளவு அடர்த்தி என்று தன் மையை வைத்துக் கணக்குப் போட்டுத்தான் நிறுவனம் டிரைவரை (பிரிண்டரை இயக்கும் மென்பொருளை) எழுதியிருக்கிறது. வேறு மையில் அந்த வெளிர் நிறம் கொஞ்சம் அடர்ந்தாலும் கணக்குத் தவறிவிடும். வானமும் மரமும் தப்பித்துக்கொள்ளும், முகம் தப்பாது. மாற்று மையிலும் நல்லது உண்டு, அதற்கென்றே கலர் புரொஃபைல் (அந்த மைக்கு ஏற்ற நிறக் கணக்கு) செய்து அடிப்பவர்களும் இருக்கிறார்கள். எனக்கு ஊற்றியதில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

சந்தேகம் தீர, அதே மாடல் வைத்திருக்கும் நாத்தனார் வீட்டுக்கு, புக்கிட் மெர்தாஜாமுக்குப் போனேன். அவர் ஒட்டுப் பிரிக்காத பெட்டியை வாங்கித் தன் கையாலேயே மை ஊற்றியவர். அதே படம், அதே செட்டிங், நான் கொண்டுபோன அதே பேப்பர். மாமா மாமாவாகவே வந்தார். அவர் எடுத்து வைத்திருந்த காலி பாட்டில்களையும் பார்த்தேன். தனியாக விற்கும் மை பாட்டிலுக்கு ஒவ்வொன்றுக்கும் அட்டைப்பெட்டி இருக்கும். பிரிண்டரோடு வந்த அவர் பாட்டில்களுக்கு அது கிடையாதாம். மறுபடி கடைக்குப் போனபோது கண்ணாடி அலமாரியை நன்றாகப் பார்த்தேன். அட்டைப்பெட்டி இல்லாத ஒரிஜினல் பாட்டில்கள் வரிசையாக விற்பனைக்கு நின்றன. எத்தனை பேருடைய மையோ!

பேப்பரிலும் கை வைத்திருந்தார்கள். "ஆர்சி, 260 கிராம்" என்று சொல்லி விற்ற கட்டு அது. ஒரு சதுர மீட்டர் தாள் இத்தனை கிராம் என்ற அந்த எடை ஒன்றையும் நிரூபிக்காது. ஆர்சி என்றால் காகிதத்தின் இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்க வேண்டும். முதுகில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஆர்சியில் அது முத்தாக நிற்கும், துடைத்தால் போய்விடும். எனக்குக் கொடுத்ததில் உடனே ஊறி, தாள் சுருண்டது. ஒரு மூலையைக் கிழித்தும் பார்க்கலாம். சாதாரணத் தாள் போலப் பஞ்சாகக் கிழிந்தால் அது மேலே பளபளப்பு ஏற்றிய மலிவுத் தாள்தான்.

ஹாலில் சட்டம் போடாமல் ஒட்டிய படங்கள் சில மாதத்தில் செம்மஞ்சளாகிவிட்டன. இது மலிவுச் சரக்குக்கு மட்டும் வரும் நோய் என்று சொல்ல மாட்டேன். 2000ஆம் ஆண்டில் எப்சனின் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்களில் நிறுவனத்தின் சொந்த மையையும் பளபளப்புத் தாளையும் வைத்து அடித்த படங்களே ஆரஞ்சாகிப் பெரிய சர்ச்சை ஆனது. காற்றிலுள்ள ஓசோன் நீலச் சாயத்தை முதலில் தின்றுவிடும், மிஞ்சுவது சிவப்பும் மஞ்சளும். அதற்குப் பிறகு நல்ல நிறுவனங்கள் சாயத்தை மாற்றித் தேற்றிக்கொண்டன. பெயரில்லாத மைக்கு அந்த உத்தரவாதத்தை யார் கொடுப்பது? எந்த மையில் அடித்தாலும் ஒரு நாள் காயவிட்டுக் கண்ணாடிச் சட்டத்துக்குள் போடுங்கள். ஈரத்தோடு போட்டால் கண்ணாடியின் உட்புறம் புகை படிந்தது போலாகும்.

இப்போது சயான் கோடு பாதி வருவதில்லை. சர்வீஸ் சென்டரில், வெளி மையால் வந்த அடைப்பு வாரன்டியில் சேராது என்று சொல்லிவிட்டார்கள்.

உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் ரசீது, வாட்சாப் பேச்சு, அடித்த படங்கள் மூன்றையும் பத்திரப்படுத்துங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். மனுக் கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டாம், மூன்று ஆண்டுக்குள் போட வேண்டும். எழுதத் தயக்கமாக இருந்தால் மஸ்ஜிட் நெகிரி சாலையில், நாம் இன்னும் கிரீன் லேன் என்று சொல்லும் இடத்தில், பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம்.

நான் முதல் பாரத்தை நிரப்பி அனுப்பியது தெரிந்ததும் கடை முதலாளியே கூப்பிட்டார். "கேஸெல்லாம் எதுக்கு கா, நம்ம ஆளுங்க. போட்டோ பேப்பர் ரெண்டு கட்டு ஃப்ரீயா தரேன்." எந்தப் பேப்பர் என்று கேட்டேன். "நீங்க வாங்குன அதே ஆர்சிதான்" என்றார். மனுவைத் திரும்ப வாங்கவில்லை.