யோர்டனெஸ்குவா, பிட்சுர்காவா? ஒரே நாற்காலியில் மாறி மாறி உட்கார்ந்த இரண்டு ஸ்ட்ரைக்கர்கள்

1986 மே 7, ஸ்பெயினின் செவில் நகரம், ஐரோப்பியக் கோப்பை (இன்றைய சாம்பியன்ஸ் லீக்) இறுதிப் போட்டி. எதிரே பார்சிலோனா. ருமேனியாவின் ஸ்தெயாவா அணியில் கேப்டன் ஸ்டோய்காவுக்குத் தடை, கோல் எதுவும் விழவில்லை, 72ஆவது நிமிடத்தில் கோச் யெனெய் மைதானத்துக்குள் அனுப்பிய ஆள் யார் தெரியுமா, அவருடைய உதவி கோச்! மூன்று நாள் முன்புதான் 36 வயது முடிந்திருந்த அங்கெல் யோர்டனெஸ்கு. முன்வரிசையில் அப்போது ஓடிக்கொண்டிருந்த விக்டர் பிட்சுர்காவுக்கு விடிந்தால் 30 வயது. மேட்ச் 0-0 என்று முடிந்து, பெனால்டியில் கோல்கீப்பர் டுகாடாம் நான்கையும் தடுத்து, கிழக்கு ஐரோப்பாவுக்கு முதல் முறையாக அந்தக் கோப்பை போன கதை பலருக்கும் தெரிந்திருக்கும். எனக்குச் சுவாரசியம் இந்த இரண்டு பேரும் பின்னாளில் கோச்சாக என்ன செய்தார்கள் என்பதில்தான்.

ருமேனிய தேசிய அணிக்கு இருவருமே ஆளுக்கு மூன்று முறை கோச். யோர்டனெஸ்கு 1993 முதல் 1998 வரை, 2002 முதல் 2004 வரை, 2014 முதல் 2016 வரை. பிட்சுர்கா 1998-99, 2004-09, 2011-14. வருடங்களை ஒருமுறை உற்றுப் பாருங்கள். 1998-இல் யோர்டனெஸ்கு எழுந்த நாற்காலியில் பிட்சுர்கா, 2004-இலும் அப்படியே, 2014-இல் பிட்சுர்கா எழுந்ததும் மறுபடி யோர்டனெஸ்கு. ஒரே கிளப், ஒரே நாற்காலி. இதற்கு மேல் ஒப்பிட வசதியான ஜோடி கிடைக்காது.

முதலில் ஆட்டக்காரர்களாக. யோர்டனெஸ்கு 1968 முதல் 1982 வரை ஸ்தெயாவாவிலேயே இருந்தவர், அந்தக் கிளப்பின் சரித்திரத்தில் அதிக கோல் அடித்தவர். பாக்ஸுக்குள் (கோலுக்கு முன்னால் இருக்கும் பெனால்டி பகுதி) காத்துக் கிடப்பவர் இல்லை, கொஞ்சம் பின்னால் இறங்கி வந்து ஆட்டத்தைக் கட்டுகிற வகை. பிட்சுர்கா நேரெதிர். சின்னச் சின்ன கிளப்களில் அலைந்துவிட்டு 27 வயதில்தான் ஸ்தெயாவாவுக்கு வந்தார், பந்து எங்கே விழும் என்று மோப்பம் பிடித்து அங்கே நிற்பார், அவ்வளவுதான். 1986 அரையிறுதியில் ஆண்டர்லெக்டை 3-0 என்று வீழ்த்தியபோது அதில் இரண்டு இவருடையது. 1987-88 லீக்கில் 34 கோல். அந்த 34-ஐ அடித்தபோது அவருடைய கோச் யார்? யோர்டனெஸ்குதான். 1986-இல் யெனெயிடமிருந்து ஸ்தெயாவாவை வாங்கிக்கொண்டு தொடர்ந்து மூன்று லீக் பட்டம், 1987-இல் டைனமோ கீவை 1-0 என்று வென்று ஐரோப்பிய சூப்பர் கோப்பை, 1989-இல் மறுபடி ஐரோப்பியக் கோப்பை இறுதி என்று போய், அங்கே ஏசி மிலானிடம் 4-0 என்று வாங்கிக்கட்டிக்கொண்டார்கள்.

இந்த லீக் பட்டங்களை நான் ரொம்பப் பெரிதாக எண்ணுவதில்லை. சர்வாதிகாரி சௌஷெஸ்கு காலத்து ருமேனியாவில் ஸ்தெயாவா ராணுவத்தின் கிளப். சூப்பர் கோப்பை என்ற ஒரே ஒரு மேட்சுக்காக ருமேனியாவின் நட்சத்திர ஆட்டக்காரர் ஹாஜியை ஸ்போர்துல் அணியிடமிருந்து இரவல் வாங்கினார்கள், அவர் அந்த ஒற்றைக் கோலை அடித்தார், அப்புறம் திருப்பி அனுப்பவே இல்லை. கேட்பதற்கு யாருக்குத் துணிச்சல்? ஆனால் ஐரோப்பாவில் போய் இறுதி வரை ஆடுவதற்கு ராணுவ செல்வாக்கு உதவாது, அந்தப் பெருமை கோச்சுக்குத்தான்.

பொதுவாக யாரைக் கேட்டாலும் யோர்டனெஸ்குதான் பெரிய கோச் என்பார்கள், காரணம் ஒரே ஒரு கோடைக்காலம், 1994. அமெரிக்க உலகக் கோப்பையில் கொலம்பியாவை 3-1 என்று அடித்துவிட்டு, அடுத்த மேட்சிலேயே ஸ்விட்சர்லாந்திடம் 4-1 என்று சரிந்து, அப்புறம் அமெரிக்காவை 1-0 என்று வென்று ஒருவழியாக நாக்-அவுட்டுக்கு வந்த அணி அது. அங்கே காத்திருந்தது அர்ஜென்டினா. மரடோனாவை ஊக்கமருந்து விவகாரத்தில் அனுப்பிவிட்டார்கள் என்றாலும் பாடிஸ்டூட்டா, பால்போ இருக்கிறார்கள். இந்தப் பக்கம் ருமேனியாவின் முதன்மை ஸ்ட்ரைக்கர் ரடுச்சோயுவுக்கு அந்த மேட்சில் தடை. வேறு கோச்சாக இருந்தால் பெஞ்சிலிருந்து இன்னொரு ஸ்ட்ரைக்கரைத் தேடி எடுத்திருப்பார். யோர்டனெஸ்கு மிட்ஃபீல்டர் துமித்ரெஸ்குவை முன்னே தள்ளினார், பின்னால் ஹாஜி. அர்ஜென்டினா டிஃபென்ஸுக்கு யாரைப் பிடிப்பது என்றே கடைசி வரை புரியவில்லை. துமித்ரெஸ்கு இரண்டு, ஹாஜி ஒன்று, 3-2. இறங்கி வந்து ஆடும் முன்வரிசைக்காரராக இருந்த ஒருவருக்குத்தான் இப்படித் தோன்றும் என்று நினைக்கிறேன், பாக்ஸ் ஸ்ட்ரைக்கர் ஒருவர் கோச்சாக இருந்திருந்தால் பாக்ஸைக் காலியாக விட மனசு வந்திருக்குமா? அடுத்து காலிறுதியில் ஸ்வீடன், கூடுதல் நேரத்தில் 2-1 என்று முன்னிலை, ஸ்வீடனில் பத்தே பேர், கையில் இருந்த மேட்சை 115ஆவது நிமிடத்தில் கென்னட் ஆண்டர்சன் தலையால் முட்டிச் சமன் செய்தார். பெனால்டியில் பெட்ரெஸ்குவும் பெலோடெடிச்சும் தவறவிட, கதை முடிந்தது.

ஆனால் இரண்டே வருடம் கழித்து இங்கிலாந்தில் நடந்த யூரோவில் (ஐரோப்பிய நாடுகளின் கோப்பை), கிட்டத்தட்ட அதே அணி, அதே ஹாஜி, மூன்று மேட்சும் தோல்வி, மொத்தமே ஒரு கோல். பல்கேரியாவுக்கு எதிராக முன்டியானு அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே வந்ததை நடுவர் கொடுக்கவில்லை, அது உண்மைதான், அதற்காக மற்ற இரண்டு மேட்சுக்கு யாரைக் குறை சொல்வது? 1998 உலகக் கோப்பையில் கொலம்பியாவையும் இங்கிலாந்தையும் வென்றார்கள், தலைக்கு மஞ்சள் சாயம் அடித்துக்கொண்டார்கள், குரோஷியாவிடம் சூக்கர் அடித்த பெனால்டியில் ஊருக்குத் திரும்பினார்கள்.

சரி, இப்போது பிட்சுர்கா. ருமேனியாவில் யோர்டனெஸ்குவுக்குப் பட்டப்பெயர் 'அப்பா புயு', பிட்சுர்காவுக்கு 'சாத்தான்'. இதிலேயே பாதி ஒப்பீடு முடிந்துவிடுகிறது. யூரோ 2000 தகுதிச் சுற்றில் பிட்சுர்காவின் அணி பத்து மேட்சில் ஒன்றைக்கூடத் தோற்கவில்லை, ஃபிகோவின் போர்ச்சுகலைப் பின்னுக்குத் தள்ளிக் குழுவில் முதலிடம். இன்னொருவராக இருந்தால் சிலை வைத்திருப்பார்கள். இவருக்கோ ஹாஜி உள்ளிட்ட மூத்த வீரர்களோடு மோதல் முற்றி, போட்டி தொடங்கும் முன்பே பதவி போனது. அணியை அழைத்துப்போனவர் நம்ம 1986 யெனெய். அவர் இங்கிலாந்தை 3-2 என்று வென்று காலிறுதி வரை போனார். சமைத்தவர் ஒருவர், இலையில் உட்கார்ந்தவர் இன்னொருவர்.

2008 யூரோவுக்கு, ஹாஜி காலம் முடிந்து எட்டு வருடம் ஆன பின், நெதர்லாந்து இருந்த குழுவில் மறுபடி முதலிடம். இதைத்தான் நான் பிட்சுர்காவின் மிகப்பெரிய சாதனை என்பேன். அப்புறம் நடந்ததுதான் எரிச்சல். பிரான்ஸ், இத்தாலி, நெதர்லாந்து என்று வந்து சேர்ந்த குழு. பிரான்ஸோடு 0-0. இத்தாலிக்கு எதிராக அட்ரியன் முட்டு அடித்தார், அடுத்த நிமிடமே பனூச்சி சமன் செய்தார், 80 நிமிடம் தாண்டி ஒரு பெனால்டி கிடைத்தது, முட்டு அடித்தார், பூஃபோன் தடுத்தார். அதுகூடப் பரவாயில்லை. கடைசி மேட்சில் நெதர்லாந்து ஏற்கெனவே தேறிவிட்டதால் இரண்டாம் வரிசையை இறக்கியது, வென்றால் காலிறுதி என்ற நிலை, அப்போதும் பிட்சுர்காவின் அணி பயந்து பயந்து ஆடி 2-0 என்று தோற்றது. ஒரே சீசனில் 34 கோல் அடித்த மனுஷன் மூன்று மேட்சில் ஒரே ஒரு கோல் போட்ட அணியைக் கட்டினார் என்பதை என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை. 2013-இலும் கிட்டத்தட்ட அதே படம்தான். உலகக் கோப்பை பிளே-ஆஃப் வரை வந்து கிரீஸிடம் முடிந்தது.

ஹாஜி இல்லாத யோர்டனெஸ்கு மட்டும் என்ன கிழித்தார் என்று யாராவது கேட்டால் அதுவும் நியாயம்தான். 2003-இல் சொந்த மண்ணில், புக்கரெஸ்டில் டென்மார்க்கிடம் 5-2 என்று தோற்று, யூரோ 2004-க்கே போகவில்லை. கிளப்களில் மட்டும் அவர் கை ஓங்கியே இருக்கிறது. சவூதியில் அல்-ஹிலாலோடு 2000-இல் ஆசியக் கிளப் கோப்பை, அல்-இத்திஹாதோடு 2005-இல் ஆசிய சாம்பியன்ஸ் லீக். பிட்சுர்காவுக்கு ஸ்தெயாவாவோடு 2001 லீக் பட்டம் உண்டு. அல்-இத்திஹாதுக்கு அவரும் போனார், 2014-இல், அங்கேயும் யோர்டனெஸ்கு முன்பே உட்கார்ந்த நாற்காலி.

அடுத்த தலைமுறையில் அந்த முட்டுவே கோச் ஆகியிருக்கிறார், இருவரிடமும் ஆடியவர், தேசிய அணிக்கு ஹாஜிக்குச் சமமாக 35 கோல். 2021-இல் 21 வயதுக்குட்பட்டோர் யூரோவில் நெதர்லாந்து, ஜெர்மனி இரண்டோடும் டிரா, ஹங்கேரியோடு வெற்றி, தோல்வியே இல்லாமல் வெளியேறினார். அது பிட்சுர்கா பாணி துரதிர்ஷ்டம். அதற்குப் பிறகு கிளப் கிளப்பாக மாறிக்கொண்டிருந்தவரை இந்த வரிசையில் வைக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை.

ஆக யாரை எடுப்பது? இரண்டு வருடம் ஊர் ஊராகப் போய், சேற்றிலும் குளிரிலும் 1-0 என்று பாயிண்ட் சேர்க்க வேண்டுமானால் பிட்சுர்கா, சந்தேகமே இல்லை. போட்டிக்கு விமானம் ஏறும் நாளில் யோர்டனெஸ்கு, பெரிய வீரனோடு சண்டை போடாமல் அவனைச் சுற்றி அணியைக் கட்டத் தெரிந்தவர் அவர்தான். பிட்சுர்கா தொடங்கி யோர்டனெஸ்கு முடித்தால் எப்படி இருக்கும் என்று ரொம்ப நாள் யோசித்ததுண்டு. அப்புறம்தான் உறைத்தது, அது நிஜமாகவே நடந்திருக்கிறது. யூரோ 2016 தகுதிச் சுற்றின் முதல் மூன்று மேட்ச் பிட்சுர்கா, மீதி யோர்டனெஸ்கு. பத்து மேட்சில் தோல்வி இல்லை, வாங்கிய கோல் வெறும் இரண்டு. பிரான்ஸில் போய் இறங்கினார்கள். முதல் மேட்சில் 89ஆவது நிமிடத்தில் பிரான்ஸின் பயே அடித்த கோலில் தோல்வி, ஸ்விட்சர்லாந்தோடு டிரா, அல்பேனியாவிடம் 1-0 தோல்வி. மூன்று மேட்சில் ஒரே ஒரு பாயிண்ட்.