பம்புசெட் சர்வருக்குக் காவல்: ஃபயர்வாலிலா, கோடிலா?

பம்புசெட் மோட்டாரைத் தூரத்திலிருந்து இயக்கும், டேட்டா சிம் போட்ட செல்போன் ஸ்டார்ட்டர், மோட்டார் ஓடினாலும் ஓடாவிட்டாலும் எங்கோ ஒரு சர்வரோடு டிசிபி இணைப்பைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மன்னார்குடி, கும்பகோணம் பக்கத்து வயல்களில் இருக்கும் இப்படிப்பட்ட கருவிகளுக்கான சர்வரை பொய் இணைப்புகள் குவியும் வெள்ளத்திலிருந்து காக்க இரண்டு வழி உண்டு. ஃபயர்வாலில் ஒரு ஐபிக்கு இத்தனை இணைப்பு என்று கட்டலாம். அல்லது, தன்னை யாரென்று காட்டாத இணைப்புகளுக்கு சர்வர் கோடிலேயே நேரக் கெடுவும் உச்சவரம்பும் வைக்கலாம். நாங்கள் எடுத்தது இரண்டாவதை. அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

சின் குக்கி (சின் என்பது இணைப்பு கேட்டு வரும் முதல் பாக்கெட்) இந்தப் போட்டியில் சேராது; எந்த வழி எடுத்தாலும் அது வேண்டும். 1996 செப்டம்பரில் பெர்ன்ஸ்டைனும் ஷெங்க்கும் வடித்த யோசனை அது. பாதியில் நிற்கும் இணைப்பை நினைவகத்தில் வைக்காமல், பதிலில் போகும் வரிசை எண்ணுக்குள்ளேயே விவரத்தை ஒளித்து அனுப்புவது. லினக்ஸில் இதன் அமைப்பை 1 என்று வைத்தால் வரிசை நிரம்பும்போது மட்டும் வேலை செய்யும். 2 என்பது சோதனைக்கு, அதைத் தொட வேண்டாம். சின்னுக்கு சர்வர் அனுப்பும் பதிலான சின்-அக்கின் மறுமுயற்சி இயல்பாக 5. அதாவது பதில் வராத இணைப்பு 63 நொடி இடத்தை அடைத்திருக்கும். 3 ஆக்கினால் 15 நொடி. ஏற்கக் காத்திருக்கும் இணைப்பு வரிசையின் உச்ச நீளமான சோமேக்ஸ்கான் அளவையும் பாருங்கள்: கெர்னல் 5.4-க்கு முன் 128, பிறகு 4096. கோடில் லிசனுக்கு எவ்வளவு பெரிய எண் கொடுத்தாலும் இதற்கு மேல் போகாது.

தாக்குபவர் இணைப்பின் தொடக்கக் கைகுலுக்கலை முழுதாக முடித்துவிட்டு, பேசாமல் உட்கார்ந்துகொண்டால் சின் குக்கி உதவாது. உண்மையான போட்டி இங்கேதான்.

லினக்ஸ் ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில், ஒரு ஐபிக்கு இத்தனை இணைப்பு என்று கட்டும் கான்லிமிட் ஒரே வரி. கோடைத் தொட வேண்டாம், சர்வரை நிறுத்த வேண்டாம். நான்கு கிளைகள், நான்கு நிலையான ஐபி என்று இருக்கும் அரிசி ஆலை பில்லிங் சர்வர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைப் போடலாம்.

பம்புசெட்டுக்கு இது சரிவராததற்குக் காரணம் சிஜிநாட். மொபைல் கம்பெனிகள் ஏராளமான சந்தாதாரர்களை ஒரே பொது ஐபிவி4 முகவரிக்குப் பின்னால் வைக்கின்றன. ஒரு தாலுகாவின் ஸ்டார்ட்டர்கள் எல்லாம் விரல்விட்டு எண்ணக்கூடிய முகவரிகளிலிருந்து வரலாம். இதோடு மும்முனைக் கரண்டைச் சேர்த்துப் பாருங்கள். விவசாயத்துக்கு அது முறை வைத்து வருகிறது. ஒரு ஃபீடருக்கு முறை வந்த நொடியில், பேட்டரி பேக்கப் இல்லாத கருவிகள் எல்லாம் ஒன்றாக உயிர்பெற்று டவரைத் தேடிப் பிடித்து சர்வரைத் தட்டும். ஜூன் 12-க்கு மேட்டூர் திறக்கிறதோ இல்லையோ, போர்வெல்லை நம்பிக் குறுவை நாற்று விட்டவருக்கு அந்த முறை நேரம்தான் எல்லாம். ஃபயர்வாலின் கண்ணுக்கு இது அச்சு அசலாகத் தாக்குதல். வரம்பை 20-லிருந்து 500 ஆக்கினால் தாக்குபவருக்கும் அதே 500 கிடைக்கும். எந்த எண்ணும் சரியாக இருக்காது.

தவறு வெளியே தெரியாமல் நடப்பது அதைவிட மோசம். ஆப்பில் ‘ஆஃப்லைன்’ என்று வரும். விவசாயி சிக்னல் இல்லை என்று நினைத்து சிம்மை மாற்றுவார். ஐபிவி6-இல் /64 (ஒரு சந்தாதாரருக்குத் தரும் முகவரித் தொகுதி) வாரியாக எண்ணலாம், ஆனால் மலிவான 2ஜி மோடம் பலவும் ஐபிவி4 மட்டுமே பேசும். கான்லிமிட் நம்பியிருக்கும் கான்ட்ராக் அட்டவணை (நடப்பு இணைப்புகளின் பட்டியல்) நிரம்பிவிட்டால் நல்லவர், கெட்டவர் எல்லாருடைய புதிய இணைப்பும் விழும்.

கோடில் செய்யும்போது ஐபியை எண்ணுவதில்லை. ‘அடையாளம் காட்டியாயிற்றா’ என்பதைத்தான் எண்ணுகிறோம். நொடிக்கு 200 பொய் இணைப்பு, 60 நொடிக் கெடு என்றால் 12,000 தேங்கும். கெடு 15 நொடி என்றால் 3,000. இன்னும் குறைத்து 5 என்று வைக்கத் தோன்றும், வேண்டாம்: வயல் நடுவே 2ஜியில் ஒரு போய்வரலுக்கே ஒரு நொடி ஆகும் நேரம் உண்டு. கெடு அக்செப்ட் ஆன (சர்வர் இணைப்பை ஏற்ற) கணத்திலிருந்து மொத்தமாக ஓட வேண்டும். பைட் வரும்போதெல்லாம் டைமரைப் புதுப்பித்தால், 14 நொடிக்கு ஒரு பைட் அனுப்பிக் காலம் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள். 2009-இல் வந்த ஸ்லோலோரிஸ் என்ற தாக்குதல் கருவியின் வித்தை அதுதான்.

உச்சவரம்புக்கு, தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய உதவும் மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் மேக்ஸ்ஸ்டார்ட்டப்ஸ் அமைப்பு நல்ல மாதிரி. அதன் இயல்பு 10:30:100. அடையாளம் காட்டாதவை 10 ஆனதும் புதியவற்றில் 30 சதவீதத்தை மறுக்கத் தொடங்கி, படிப்படியாக அதைக் கூட்டி, 100-இல் முழுதாக மறுக்கும். நம் அளவுக்கு 500:30:3000. மேலே சொன்ன தாக்குதலில் 15 நொடிக் கெடுவோடு கணக்குப் போட்டால் தேக்கம் 1,370 சுமாரில் நிற்கும், மறுப்பு 54 சதவீதம். நேர்மையான கருவி மூன்று முறை தட்டினால் பத்தில் எட்டு தடவைக்கு மேல் உள்ளே வந்துவிடும். ஏற்கெனவே உள்ளே இருப்பவை இந்தக் கணக்கில் சேராது, அவற்றுக்குத் தொந்தரவும் இல்லை.

கோட் வழிக்குப் பராமரிப்பு உண்டு. ஃபைல் டிஸ்கிரிப்டர் (திறந்திருக்கும் ஒவ்வொரு இணைப்புக்கும் ஒன்று வேண்டும்) வரம்பு பழைய 1024-லேயே கிடந்தால் அக்செப்ட் தோற்கும். இணைப்போ வரிசையிலேயே நிற்கும். இணைப்பு வந்ததை அறிவிக்கும் எபோல் ‘தயார், தயார்’ என்று சொல்லிக்கொண்டே இருக்கும். சிபியு 100 சதவீதம். வரம்பை உயர்த்துவதோடு உதிரி டிஸ்கிரிப்டர் ஒன்றைத் திறந்து வையுங்கள். முட்டினால் அதை மூடி, அக்செப்ட் செய்து, வந்ததை உடனே மூடி, உதிரியை மறுபடி திறப்பது வழக்கம். மறுக்கும் இணைப்பை லிங்கர் 0 வைத்து, அதாவது ரீசெட் அனுப்பி உடனே துண்டித்து மூடினால், அது டைம்-வெயிட் நிலையில் 60 நொடி தேங்காது. ஆனால் ரீசெட் கண்டதும் அந்த நொடியே திரும்பத் தட்டும் ஃபர்ம்வேராக இருந்தால் வெள்ளத்தை நாமே உண்டாக்குகிறோம். கருவியில் 2, 4, 8 என்று இரட்டிக்கும் இடைவெளியும், அதில் பாதியளவு தற்செயல் தாமதமும் இருந்தாக வேண்டும். ஏற்கெனவே வயலில் மாட்டிய கருவிக்கு ஃபர்ம்வேர் மாற்ற வழியில்லை என்றால், ரீசெட் அனுப்பாமல் சாதாரணமாக மூடுவதுதான் பாதுகாப்பு என்று நினைக்கிறேன்.

லைனே நிரம்பிவிட்டால் இரண்டு வழியும் கைவிடும். 100 எம்பிபிஎஸ் லைனை அடைக்க நொடிக்கு 1,48,800 சின் பாக்கெட் போதும். அதை இணைய நிறுவனம் தன் பக்கத்திலேயே வடிகட்டித் தர வேண்டும். யாரைக் கூப்பிடுவது, எந்த எண்ணில் என்பதை லைன் வாங்கும்போதே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.